கட்டணத் தேதிக்கு முன்னால்: படித்த கல்லூரியில் மாணவர் உதவி அறக்கட்டளை நடத்துவது எப்படி

அத்தியாயம் 5

பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய எங்கள் அறக்கட்டளையின் முதல் உதவித்தொகையை ஒரு ஜனவரி மாதத்தில் கொடுத்தோம். ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய். காசோலையை வாங்கிக்கொண்ட மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், போகாமல் தயங்கி நின்றார். “பரீட்சை ஃபீஸ் கட்ட அக்டோபர்லயே அம்மாவோட தோட்டை அடகு வச்சுட்டோம் சார். இதுல அதை மீட்டுக்கிறேன்” என்றார். நாங்கள் மூன்று மாதம் கூட்டம் போட்டுத் திரட்டிய பணத்தில் ஒரு பங்கு அடகுக்கடை வட்டிக்குப் போயிற்று.

அன்று கற்ற பாடம்தான் இந்த அத்தியாயம். கொடுக்கும் தொகை சிறியதாக இருக்கலாம். அது கட்டணத் தேதிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

எந்த வழி உங்களுக்கு ஏற்றது?

முதலில் உங்களிடம் உள்ள பணத்தையும் ஆட்களையும் எண்ணிப் பாருங்கள். மூன்று வழிகள் உண்டு.

1. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஓர் அறக்கட்டளை நிறுவுவது. ஒரு முதல் தொகையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைப்பீர்கள். அதன் வட்டியில் ஆண்டுதோறும் உதவித்தொகையோ பதக்கமோ வழங்கப்படும். நடத்தும் வேலை உங்களுக்கு இல்லை. ஆனால் ஒருமுறை ஏற்பாடாகிவிட்டால் விதிகளை மாற்றுவது கடினம். பணம் கிடைக்கும் தேதியும் உங்கள் கையில் இருக்காது. நேரமில்லாதவர்களுக்கும் பெற்றோர் நினைவாக நிறுவ விரும்பும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

2. இருக்கும் பழைய மாணவர் சங்கத்தின் வழியாகச் செய்வது. சங்கம் பதிவு பெற்று, கணக்கைத் தணிக்கை செய்து வருகிறது என்றால் புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. உங்கள் நிதிக்குத் தனிக் கணக்குத் தலைப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் செலவிடப் போகிறவர்களுக்கு இதுவே போதும்.

3. தனி அறக்கட்டளை தொடங்குவது. தேதி, விதி, தேர்வு எல்லாம் உங்கள் கையில். கணக்கும் வரிப் படிவங்களும் உங்கள் தலையில். ஐந்து ஆண்டுகளாவது விடாமல் உழைக்கும் மூன்று பேர் இல்லையென்றால் இதில் இறங்காதீர்கள்.

குறிப்பு: முதல் வழியில் போகிறவர்கள் தொகையைப் பதக்கத்துக்கு என்று எழுதிவிடாதீர்கள். 1990-களில் வங்கி வைப்புக்கு 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. அன்று 12 சதவீத வட்டியில் போட்ட 10,000 ரூபாய் ஆண்டுக்கு 1,200 ரூபாய் ஈன்றது. இன்று 7 சதவீதத்தில் கிடைப்பது 700 ரூபாய். தங்கப் பதக்கம் செய்ய அது போதாது. “வட்டி குறைந்தால் தொகையையோ பயனாளர் எண்ணிக்கையையோ மாற்றலாம்” என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் எழுத வேண்டியவை

நல்ல எண்ணம் மட்டும் பணத்தை மாணவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது. பச்சையப்ப முதலியார் 1794-இல் தம் செல்வத்தை அறத்துக்கு எழுதிவைத்துவிட்டு மறைந்தார். சொத்து வழக்கில் சிக்கியது. நீதிமன்றத்தின் வழியாக ஒரு திட்டம் வகுக்கப்பட்டு, கோயில் அறங்கள் போக மிஞ்சியது கல்விக்கு வந்து, சென்னையில் அவர் பெயரில் பள்ளி தொடங்கியது 1842-இல். அது கல்லூரியாக உயர்ந்தது 1889-இல். உயிலுக்கும் முதல் வகுப்பறைக்கும் நடுவே 48 ஆண்டுகள்.

உங்கள் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் முன், இவை இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்:

1. யாருக்கு உதவி: எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவுகள், எந்த வருமான வரம்பு.
2. எதற்கு உதவி: கட்டணம், விடுதி, தேர்வு, பயணம், மருத்துவம், நூல், கருவி. “கல்வி தொடர்பான பிற தேவைகள்” என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
3. அறங்காவலர் எத்தனை பேர், பதவிக்காலம் எவ்வளவு, ஒருவர் விலகினாலோ மறைந்தாலோ அடுத்தவர் எப்படி வருவார்.
4. வங்கிக் கணக்கில் எந்த இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.
5. அறக்கட்டளையைக் கலைக்க நேர்ந்தால் மிச்சப் பணம் இதே நோக்கமுள்ள எந்த அமைப்புக்குப் போகும்.

அறக்கட்டளைக்குப் பதில் சங்கமாகப் பதிவு செய்வதானால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும்.

எச்சரிக்கை: ஒரு சாதிக்கோ ஒரு மதத்தாருக்கோ மட்டும் பயன்படும்படி எழுதினால் வருமான வரி விலக்குக்குத் தடை வரும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் நலனுக்கான அறக்கட்டளைகளுக்கு இந்தத் தடை இல்லை. அறங்காவலரின் பிள்ளைக்கோ உறவினருக்கோ உதவித்தொகை கொடுப்பதும் விலக்குக்கு ஆபத்து. உண்மையிலேயே ஏழையான உறவுக்காரப் பையன் என்றால் உங்கள் சொந்தப் பணத்தில் உதவுங்கள்.

பணக் கணக்கு: ஒரு மாதிரி

முதல் தொகை 10 லட்சம் ரூபாய், வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 70,000 ரூபாய்.

1. 10,000 ரூபாயை முதலோடு சேருங்கள். விலைவாசி ஏற ஏற முதலும் வளர வேண்டும். வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். 70,000-இல் 15 சதவீதம் 10,500 ரூபாய். ஆகவே இது வரம்புக்குள் இருக்கிறது.
2. 20,000 ரூபாயை அவசர நிதியாக ஒதுக்குங்கள்.
3. மீதி 40,000 ரூபாயை நான்கு மாணவருக்கு, ஆளுக்கு 10,000 வீதம், இரண்டு தவணையாகக் கொடுங்கள்.

நாற்பது பேருக்கு ஆயிரம் ரூபாய் வீதம் கொடுத்தால் மேடை நிறையும். யாருடைய கட்டணமும் முழுதாக அடையாது.

முதல் தொகையை வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு போன்று சட்டம் அனுமதிக்கும் இடங்களில் மட்டும் வையுங்கள். “என் கம்பெனியில போடுங்க, பன்னிரண்டு வட்டி தர்றேன்” என்று அறங்காவலரே சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

நன்கொடையாளருக்குச் சொல்ல வேண்டியவை

இதுவரை 12ஏபி, 80ஜி என்ற எண்களில் அறியப்பட்ட பதிவுகள் இரண்டும் உங்களுக்குத் தேவை. முதலாவது அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்கு. இரண்டாவது, கொடுப்பவருக்கு வரிச் சலுகை. வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், ரசீதுப் புத்தகம் அச்சிடும் முன் ஆடிட்டரிடம் புதிய எண்ணைக் கேளுங்கள்.

80ஜி சலுகையில் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடை சேராது. வங்கி வழியாக வாங்குங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இச்சலுகை கிடையாது. பணம் வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

புதிய அறக்கட்டளைகள் தெரியாமலே சட்டத்தை மீறுவது பெரும்பாலும் இங்கேதான்.

1. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உங்கள் வகுப்புத் தோழர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.
2. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.
3. பதிவு பெற்றவர்களும் அந்தப் பணத்தைப் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் பெற முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வங்கிக் கணக்கு எண்ணைப் போடும் முன், இந்த மூன்றையும் அதே குழுவில் எழுதிவிடுங்கள்.

ஆண்டுச் சுழற்சி: எட்டுப் படிகள்

செமஸ்டர் முறைக் கல்லூரிகளுக்கு ஏற்ற வரிசை இது. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்தத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

1. ஜூன்: கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய், செமஸ்டர் கட்டணம், தேர்வுக் கட்டணம், மெஸ் பில் மூன்றுக்கும் கடைசி நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஜூலை: அறிவிப்பை ஒரு பக்கத்தில் எழுதித் துறை அறிவிப்புப் பலகை, நூலகம், விடுதி மெஸ் மூன்றிலும் ஒட்டுங்கள். மெஸ்ஸில் ஒட்டியதை எல்லாரும் படிப்பார்கள்.
3. ஆகஸ்ட் முதல் பாதி: விண்ணப்பம் பெறுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.
4. ஆகஸ்ட் இரண்டாம் பாதி: சான்றுகளைச் சரிபாருங்கள். குறை இருந்தால் விண்ணப்பத்தை ஒதுக்காமல் மாணவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.
5. செப்டம்பர் முதல் வாரம்: கல்லூரியிலேயே நேர்காணல். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும்.
6. செப்டம்பர் மூன்றாம் வாரம்: முதல் தவணையை மாணவரின் வங்கிக் கணக்குக்கோ, கட்டணமானால் நேரே கல்லூரிக் கணக்குக்கோ அனுப்புங்கள்.
7. பிப்ரவரி: இரண்டாம் தவணை. இதற்காகப் புது விண்ணப்பம் கேட்காதீர்கள். தொடர்ந்து படிக்கிறார் என்று வகுப்பு ஆலோசகர் சொன்னால் போதும்.
8. ஏப்ரல், மே: கணக்கை முடியுங்கள். மே 31-க்குள் நன்கொடை விவர அறிக்கையைத் தாக்கல் செய்து, கொடுத்தவர்களுக்குச் சான்று அனுப்புங்கள்.

விண்ணப்பமும் நேர்காணலும்

படிவம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கேட்க வேண்டியவை: போனாஃபைட் சான்றிதழ், வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், கடைசி மதிப்பெண் பட்டியல். இவை எல்லாவற்றுக்கும் நகல் போதும். சாட்சிக் கையெழுத்து, கெஜட்டட் அதிகாரி சான்றொப்பம் என்று ஏற்றிக்கொண்டே போனால், அலைய ஆளும் நேரமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள். கூலிக்குப் போகும் தகப்பன் ஒருநாள் தாசில்தார் அலுவலகத்தில் நின்றால் ஒருநாள் கூலி போகும்.

வருமானச் சான்றை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது. தந்தை இறந்தது, கடையை மூடியது, வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் நடப்பது எதுவும் அந்தத் தாளில் இருக்காது. அதற்காகத்தான் நேர்காணல். இவற்றைக் கேளுங்கள்:

1. கல்லூரிக்கு எப்படி வருகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகிறது?
2. கல்லூரி முடிந்து வேலைக்குப் போகிறீர்களா? எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள்?
3. போன செமஸ்டர் கட்டணத்தை எப்படிக் கட்டினீர்கள்?
4. அடுத்து வரும் எந்தச் செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் பெரும்பாலும் முழுக் கதையும் இருக்கும். நான்காவது கேள்வி, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதைச் சொல்லிவிடும்.

குறிப்பு: அரியர் வைத்திருப்பவரைப் படிவத்திலேயே விலக்கிவிடாதீர்கள். இரவு பன்னிரண்டு வரை கல்யாண மண்டபத்தில் பரிமாறிவிட்டுக் காலை எட்டரை மணி வகுப்புக்கு வரும் மாணவருக்கு அரியர் விழுவது இயல்பு. உதவி கிடைத்து அந்த வேலையைக் குறைத்தால் அரியரும் குறையும்.

அரசு உதவியோடு மோதாமல்

மாணவருக்கு ஏற்கெனவே உரிமையான உதவியை அவர் பெற்றுவிட்டாரா என்று முதலில் பாருங்கள். உங்கள் பணத்தை அதற்கு மாற்றாகக் கொடுப்பது வீண்.

1. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் (2024) மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை விரிவுபடுத்தப்பட்டன.
2. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்கு வந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. இவர்களுக்குக் கருவி, நூல், பயணம் எதில் குறை என்று கேளுங்கள்.
3. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஆகியவற்றுக்கு விண்ணப்பித்தாரா என்று பாருங்கள்.
4. கல்விக் கடன் தேவையென்றால், வித்யாலட்சுமி இணைய வாசலில் விண்ணப்பிக்க உடன் உட்கார்ந்து உதவுங்கள். ஒரு மதியம் செலவாகும். உங்கள் அறக்கட்டளை தரக்கூடியதைவிடப் பெரிய தொகை அதில் கிடைக்கும்.

சில உதவித்தொகைகள் இன்னொன்றைப் பெறக் கூடாது என்று நிபந்தனை விதிக்கின்றன. அந்த விதியைப் படித்த பிறகே உங்கள் தொகையை அறிவியுங்கள். பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் பிறகு மாணவர் வீட்டுக்கு வரக் கூடாது.

அரசுத் தொகை பெரும்பாலும் செலவு வந்த பிறகே கணக்கில் விழுகிறது. அந்த இடைவெளியை அடைப்பதுதான் சிறிய அறக்கட்டளைக்குப் பொருத்தமான வேலை.

அவசர நிதி: 48 மணி நேர விதி

விபத்து, வீட்டில் சாவு, உடைந்த கண்ணாடி, கட்ட முடியாத மெஸ் பில். இவை ஆகஸ்ட் மாதம் பார்த்து வருவதில்லை.

1. ஒருவருக்கு ஒருமுறை 3,000 ரூபாய் என்று உச்சவரம்பு வையுங்கள்.
2. மாணவரோ, வகுப்பு ஆலோசகரோ, விடுதிக் காப்பாளரோ யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று ஓர் எண்ணை அறிவியுங்கள்.
3. இரண்டு அறங்காவலர் தொலைபேசியில் ஒப்புக்கொண்டால் போதும். கூட்டம் தேவையில்லை.
4. 48 மணி நேரத்துக்குள் பணம் போக வேண்டும். ரசீதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.
5. அடுத்த கூட்டத்தில் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

இதைக் கடனாகக் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாத மாணவர் உங்களைக் கண்டால் ஒதுங்கிப் போவார். அடுத்த ஆபத்தில் அழைக்கவும் மாட்டார்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

1. மேடையும் பெரிய காசோலை அட்டையும். சக மாணவர் முன்னால் ஏழை என்று அறிவிப்பதற்கு அது சமம். விழா வைத்தால் நன்கொடையாளரை மேடையேற்றுங்கள்.
2. இடையில் ஒருவர் கணக்கு. “என் கணக்குக்கு அனுப்புங்க, நான் பிரிச்சுக் கொடுத்துடறேன்” என்பவர் நல்லவராகவே இருக்கலாம். அப்படியும் வேண்டாம்.
3. எல்லாம் ஒருவர் தலையில். செயலாளர் மருத்துவமனையில் படுத்தால் கடவுச்சொல்லும் கோப்பும் அவரோடு படுத்துவிடும். இருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.
4. முதலாண்டில் கொடுத்து நிறுத்துவது. மூன்றாண்டுப் படிப்புக்கு மூன்றாண்டும் தர முடியுமா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.
5. நன்றிக் கடிதம் கேட்டு வற்புறுத்துவது. எழுதினால் மகிழுங்கள். நிபந்தனையாக்காதீர்கள்.

பாதுகாப்பு

1. ஆதார் நகலையும் சாதிச் சான்றையும் வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். ஆதார் தேவைப்பட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த வடிவமே போதும். தேர்வு முடிந்ததும் தேர்வாகாதவர்களின் நகல்களை அழித்துவிடுங்கள்.
2. அறக்கட்டளை ஒருபோதும் ஓ.டி.பி. கேட்காது, முன்பணம் வாங்காது என்று அறிவிப்பிலும் படிவத்திலும் அச்சிடுங்கள். உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோரை அழைத்துக் கணக்கைத் துடைப்பவர்கள் உண்டு.
3. அறங்காவலர் யாரும் மாணவரையோ மாணவியையோ தனியே வீட்டுக்கோ வெளியிடத்துக்கோ அழைக்கக் கூடாது. சந்திப்பு கல்லூரியில், இருவர் முன்னிலையில்.
4. நேர்காணலில் ஒரு மாணவர் உடைந்து அழுதால், உயிரை வெறுத்துப் பேசினால், பணப் பேச்சை நிறுத்துங்கள். தனியே விடாதீர்கள். கல்லூரி மனநல ஆலோசகரை அழையுங்கள். டெலிமானஸ் உதவி எண் 14416. தமிழ்நாட்டில் 104-உம் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. கூட வேலை செய்யப் போகும் இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். பணம் மட்டும் தருபவர்கள் இந்தப் பட்டியலில் வேண்டாம்.
2. படித்த துறையின் வகுப்பு ஆலோசகர் ஒருவரைப் பார்த்து, போன ஆண்டு பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், எந்த மாதத்தில் நின்றார்கள் என்று கேளுங்கள்.
3. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளைக் கேட்டு, அதற்கு முந்தைய பத்தாம் நாளைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.
4. ஒரு நீளப் பதிவேடு வாங்கிக் கட்டம் போடுங்கள்: பெயர், தேவை, கடைசி நாள், பணம் போன நாள்.

ஆண்டு முடிவில் கடைசி இரண்டு கட்டங்களை மட்டும் பாருங்கள். எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி இன்னும் இருக்கிறது: கடைசி நாள், அக்டோபர், பணம் போன நாள், ஜனவரி. புதிதாக அறங்காவலராக வருகிறவருக்கு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறோம்.